ஒரு ஒயரை வெட்டினால் 25 கிலோ மீட்டர் 45 ஆகும்: பேட்டரி வண்டிக்கு "வேகம்" ஏற்றுபவர்கள் உஷார்!

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் சுமார் 12 கிலோ மீட்டர். பேட்டரி வண்டியில் 25 கிலோ மீட்டர் வேகத்தில் போனால் 29 நிமிடம் ஆகும். 45-ல் போனால் 16 நிமிடம் போதும்.

மிச்சம் 13 நிமிடம்!

இந்த 13 நிமிடத்துக்காக ஒரு தொழிலாளி எதை எல்லாம் பணயம் வைக்கிறார் என்பது பல நேரம் அவருக்கே தெரிவது இல்லை. வண்டிக்கு "வேகம் ஏற்றி" கொடுக்கிற மெக்கானிக்கும் அதை எடுத்துச் சொல்வது இல்லை.

"லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், இன்சூரன்சு வேண்டாம்" என்று சொல்லி விற்கப்படும் பேட்டரி ஸ்கூட்டர்களை, பிறகு 40, 45, 50 என்று ஓடும்படி மாற்றும் வேலை நாட்டில் பல இடங்களில் அம்பலமாகி இருக்கிறது. 2022-ல் மராட்டிய மாநிலத்தில் பிடித்தார்கள். 2023-ல் கேரளாவில் பிடித்தார்கள். மூன்று ஷிப்டும் ஆட்கள் வேலைக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் பகுதியில் இந்த ஆசை யாருக்கும் வரக்கூடியதுதான்.

ஆசை வருவதில் தப்பு இல்லை. ஆனால் வெட்டப்படுவது வெறும் ஒயர் மட்டும்தானா?

ஏன் இந்த 25?

பேட்டரி வண்டி என்றாலே லைசென்ஸ் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

மத்திய மோட்டார் வாகன விதி மூன்று நிபந்தனை போடுகிறது. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். வேகம் 25 கிலோ மீட்டரைத் தொடக்கூடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு நிறுத்தால் வண்டியின் எடை 60 கிலோவைத் தாண்டக்கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் அது சட்டப்படி மோட்டார் வாகனமே அல்ல. கிட்டத்தட்ட சைக்கிள் மாதிரி. அதனால்தான் லைசென்ஸ் கேட்பது இல்லை, ஆர்.டி.ஓ. ஆபீசு வாசலை மிதிக்க வேண்டியது இல்லை.

மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தச் சலுகை போய்விடும். பிறகு அது மோட்டார் சைக்கிள்தான். பதிவு செய்ய வேண்டும். பச்சை நம்பர் பிளேட் மாட்ட வேண்டும். இன்சூரன்சு எடுக்க வேண்டும். ஓட்டுபவர் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும், ஹெல்மெட் போட வேண்டும்.

ஆக, மெக்கானிக் கடையில் அந்த ஒயரை "டக்" என்று வெட்டுகிற நிமிடத்திலேயே, சைக்கிளாக உள்ளே போன வண்டி பதிவு இல்லாத மோட்டார் சைக்கிளாக வெளியே வருகிறது. வண்டியைப் பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. அதே நிறம், அதே சீட்டு.

லாரிக்கு நடுவில்...

தொழிலாளியின் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும்.

சிங்கபெருமாள்கோவில்-ஸ்ரீபெரும்புதூர் சாலையும், வண்டலூர்-வாலாஜாபாத் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. இது சாதாரண ஊர்ச்சாலை அல்ல. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான், சாம்சங், வல்லம் வடகாலில் யமஹா, ஒரகடத்தில் ராயல் என்பீல்டு, ரெனோ, பாரத் பென்ஸ், அப்பல்லோ டயர் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். கார் ஏற்றும் நீள லாரி, கன்டெய்னர், டிரெய்லர், கம்பெனி பஸ் எல்லாம் இரவு பகலாக ஓடும் சாலை.

அதில் 25 கிலோ மீட்டர் வேகத்தில் ஒரு பேட்டரி வண்டி ஓரமாக ஊர்ந்தால் எப்படி இருக்கும்? பின்னால் வரும் டிரைவர் ஹாரன் அடித்தே அரண்டுபோக வைப்பார். "மெதுவாப் போறதுதான் ஆபத்து, கூட்டத்தோட கூட்டமா ஓடினாத்தான் தப்பிக்கலாம்" என்ற பேச்சு இங்கேதான் பிறக்கிறது. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

25 கிலோ மீட்டர் வண்டியை சட்டம் அனுமதித்தது தெருவுக்கும், கடைத்தெருவுக்கும், பிள்ளையை டியூசனில் விடுவதற்கும் பொருந்தும். ஆறு வழிச்சாலையில் ஷிப்டு வேலைக்குப் போக அது ஏற்ற வண்டி அல்ல. விற்பவர் அதைச் சொல்ல வேண்டும். "எங்கே ஓட்டப் போறீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் ஆர்.டி.ஓ. செலவு இல்லை, விலையும் குறைவு என்றதும் வாங்குபவருக்கும் கேட்கத் தோன்றுவது இல்லை.

வாங்கி ஒரு மாதம் ஓட்டிய பிறகுதான் "இன்னும் கொஞ்சம் இழுத்தால் தேவலை" என்ற நினைப்பு வருகிறது.

என்ன செய்கிறார்கள்?

வேகம் ஏற்றும் வேலையில் பல தினுசு உண்டு.

சீட்டுக்கு அடியிலோ, கால் வைக்கும் பலகைக்கு அடியிலோ ஒரு அலுமினிய டப்பா இருக்கும். அதுதான் கன்ட்ரோலர். பேட்டரியில் இருந்து மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்பதை அளந்து விடுவது இதுதான். மலிவு வண்டிகள் பலவற்றில் மோட்டாருக்கு 40 கிலோ மீட்டர் ஓடும் தெம்பு முதலிலேயே இருக்கும். கன்ட்ரோலரில் ஒரு ஒயரை இணைத்து 25-க்குக் கட்டிப்போட்டிருப்பார்கள். அந்த இணைப்பைப் பிரித்துவிட்டால் கட்டு அவிழ்ந்துவிடும். 10 நிமிட வேலை.

இதில் திருப்தி அடையாதவர்கள் கன்ட்ரோலரையே மாற்றுகிறார்கள். 15 ஆம்பியர் விட்டுக்கொண்டிருந்த இடத்தில் 30 ஆம்பியர் விடும் டப்பா வருகிறது. சிலர் பழைய டப்பாவையே திறந்து, கரண்ட்டை அளக்கும் கம்பியில் ஈயம் உருக்கி ஊற்றிவிடுகிறார்கள். அப்போது உண்மையில் போகும் கரண்ட்டைவிடக் குறைவாகப் போவதாக டப்பா நினைத்துக்கொண்டு, மேலும் மேலும் அள்ளி விடும். ஏமாற்றப்படுவது போலீஸ்காரர் அல்ல, வண்டியே ஏமாற்றப்படுகிறது!

மூன்றாவது வழி வோல்ட்டேஜை உயர்த்துவது. 48 வோல்ட் பேட்டரியோடு இன்னொரு பேட்டரியைத் தொடுத்து 60 ஆக்குவார்கள், 72 ஆக்குவார்கள். மோட்டாரின் சுழற்சி வோல்ட்டேஜைப் பொறுத்தது. 48 வோல்ட் 60 ஆனால் வேகம் ஏறக்குறைய கால் பங்கு கூடும்.

கணக்கு சரிதான். வண்டி பறக்கும். ஆனால் மோட்டாரும் கன்ட்ரோலரும் மட்டும்தானா வண்டி?

நான்கு மடங்கு சூடு

கரண்ட் இரண்டு மடங்கு ஆனால் மோட்டாரின் செம்புக் கம்பியில் சூடு இரண்டு மடங்கு ஆகாது. நான்கு மடங்கு ஆகும். பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் உள்ள கணக்கு இது.

இந்த வண்டிகளில் மோட்டார் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு காற்றாடி கிடையாது, தண்ணீர் கிடையாது. சூடு வெளியேற முக்கிய வழி அந்த மூடிதான். செக்கு மாட்டை ரேக்ளாவில் பூட்டி விரட்டியது போல, கொஞ்ச தூரம் ஓடும். பிறகு நுரை தள்ளும். உள்ளே இருக்கும் காந்தங்கள் அளவுக்கு மீறி சூடானால் வலு இழக்கும். சக்கரம் எந்த நிலையில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் சின்ன சென்சார் கருகும். "வண்டி திக்கித் திக்கி ஓடுது" என்று கடைக்குத் தள்ளிக்கொண்டு போவது அப்போதுதான்.

கன்ட்ரோலர் எரிந்தால் இன்னும் மோசம். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் ஒட்டிக்கொண்டால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரே பிரேக் போட்டது போல் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். பின்னால் கன்டெய்னர் வரும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியது இல்லை.

அச்சு விஷயம் பலருக்குத் தெரியாதது. இந்த மாதிரி சக்கரத்தில் அச்சு சுழலாது, சக்கரம்தான் சுழலும். அச்சின் இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவி, வண்டியின் சட்டத்தில் உள்ள காடியில் பொருத்தி நட் போட்டு முறுக்கி இருப்பார்கள். மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும் அதே பலத்தோடு அச்சைப் பின்னால் திருகும். 250 வாட்டுக்கு செய்த காடியில் 1,000 வாட் திருகினால் காடி வாய் பிளக்கும். அச்சு திரும்பிக்கொள்ளும். மோட்டாருக்குப் போகும் ஒயர் அறுபடும். சில நேரம் சக்கரமே நழுவும். இதைத் தடுக்க அச்சைக் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தகடு என்று ஒன்று உண்டு. அவசரத்தில் வேகம் ஏற்றும்போது அதைப் போடத் தோன்றுவது இல்லை. வேகத்தைக் கூட்டாத ஒரு இரும்புத் துண்டுக்கு வாடிக்கையாளரும் பணம் கொடுக்க விரும்புவது இல்லை.

பிரேக் பிடிக்குமா?

25-ல் ஓடும் வண்டியை நிறுத்துவதற்கு உள்ள பிரேக், 50-ல் ஓடும்போது அதைப் போல நான்கு மடங்கு வேலை செய்ய வேண்டும்.

ஒரு கணக்கு. ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்கைத் தொட ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 25-ல் அந்த ஒரு வினாடியில் வண்டி 7 மீட்டர் ஓடிவிடும். சுமாரான பிரேக் என்றால், பிடித்த பிறகு இன்னும் 6 மீட்டர் ஓடி நிற்கும். மொத்தம் 13 மீட்டர். அதே பிரேக்கோடு 50-ல் வந்தால் 14 மீட்டரும் 24 மீட்டரும் சேர்ந்து 38 மீட்டர்! முன்னால் திடீரென்று திரும்பும் லாரி 20 மீட்டர் தூரத்தில் இருந்தால், ஒருவர் நின்றுவிடுவார். இன்னொருவர் மோதுவார்.

இது புது பிரேக், காய்ந்த சாலை என்று வைத்துப் போட்ட கணக்கு. மழையில், மணல் சிதறிக் கிடக்கும் ஓரத்தில், தேய்ந்த டயரோடு போட்டுப் பார்த்தால் இன்னும் நீளும்.

பிரேக் பிடியில் ஒரு சின்ன சுவிட்சு உண்டு. பிரேக்கை அழுத்தியதும் மோட்டாருக்குப் போகும் கரண்ட்டை அது நிறுத்திவிடும். கன்ட்ரோலரை மாற்றும்போது அந்த ஒயரை இணைக்காமல் விட்டுவிட்டால், ஒரு பக்கம் பிரேக் பிடிக்கும், மறு பக்கம் மோட்டார் தள்ளும்.

வீட்டுக்குள் தீ

பேட்டரி தீப்பிடித்தால் என்ன நடக்கும் என்பதை தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் வேலூர் அருகே சின்ன அல்லாபுரத்தில், இரவில் சார்ஜில் இருந்த பேட்டரி ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத்திணறி தந்தையும் மகளும் பலியானார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில், கீழே பேட்டரி ஸ்கூட்டர் ஷோரூம் இருந்த ஓட்டலில் தீ பரவி 8 பேர் இறந்தார்கள்.

இவை வேகம் ஏற்றிய வண்டியால் வந்த விபத்துகள் என்று யாரும் சொல்லவில்லை. கடையில் வாங்கியபடியே இருக்கும் பேட்டரிக்கே இந்தக் கதி வரக்கூடும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அந்த ஆண்டு நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு பேட்டரி பரிசோதனை விதிகளை இறுக்கி, 2022 டிசம்பர், 2023 மார்ச் என்று இரண்டு கட்டமாக அமல்படுத்தியது.

லித்தியம் பேட்டரிக்குள் காவல்காரன் போல ஒரு பலகை இருக்கிறது. பி.எம்.எஸ். என்பார்கள். அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் அது சப்ளையை நிறுத்திவிடும். 30 ஆம்பியர் கன்ட்ரோலர் போட்டதும் வண்டி அடிக்கடி நின்று போகிறதா? "பி.எம்.எஸ். தொல்லை பண்ணுது" என்று சொல்லி அதற்குக் குறுக்கே ஒரு ஒயர் போட்டுவிடுகிறார்கள். அதாவது வீட்டுக் காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டு, வண்டியை வராந்தாவில் சார்ஜில் போட்டுத் தூங்குகிறார்கள்.

வோல்ட்டேஜ் உயர்த்துவதற்காகப் பழைய பேட்டரி ஒன்றைப் புதிய பேட்டரியோடு தொடுப்பது இன்னொரு விபரீதம். இரண்டின் வலுவும் ஒன்றாக இருக்காது. ஒன்று காலியாகும்போது இன்னொன்று அதைப் பிடித்து இழுக்கும். சார்ஜ் ஏறும்போது ஒன்று முன்னதாக நிரம்பி வழியும். ஒரே அறையில் நான்கைந்து வாலிபர்கள் தங்கி, வாசற்படி ஓரமாகவே வண்டியை நிறுத்தி சார்ஜ் போடும் வீடுகளில், தீப்பிடித்தால் வெளியே ஓடும் வழியிலேயே தீ இருக்கும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 2023-ல் மட்டும் பேட்டரி தீ விபத்துகளில் 18 பேர் இறந்தார்கள். சீனாவின் நாஞ்சிங் நகரில் 2024 பிப்ரவரியில், அடுக்குமாடி வீட்டின் கீழ்தளத்தில் பேட்டரி வண்டிகள் நிறுத்திய இடத்தில் பிடித்த தீ 15 உயிரைக் குடித்தது. அங்கேயும் 25 கிலோ மீட்டர்தான் வரம்பு. அங்கேயும் வேகம் ஏற்றும் கடைகள் உண்டு. கடைசியில் சீன அரசு, கன்ட்ரோலரையும் பேட்டரியையும் யாரும் கைவைத்து மாற்ற முடியாதபடி தயாரிக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்கே உத்தரவு போட்டது. 2025 செப்டம்பர் 1-ந் தேதி முதல் அது அமலுக்கு வந்தது.

ரூ.457-ம் 42 லட்சமும்

அபராதத்தை எண்ணிப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் ரூ.5 ஆயிரம். பதிவு இல்லாத வண்டி என்றால் முதல் தடவை ரூ.2 ஆயிரத்தில் இருந்து ரூ.5 ஆயிரம் வரை. இன்சூரன்சு இல்லை என்றால் ரூ.2 ஆயிரம் அல்லது 3 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். ஹெல்மெட் இல்லாததற்கு ரூ.1,000. கூட்டினால் ரூ.13 ஆயிரம் வரை வரும். வண்டியை ஓட்டியது 18 வயது நிரம்பாத பிள்ளை என்றால் தகப்பனாருக்கு ரூ.25 ஆயிரம் அபராதமும் 3 ஆண்டு வரை ஜெயிலும் காத்திருக்கிறது.

ஆனால் பெரிய இடி இது அல்ல.

வேகம் ஏற்றிய வண்டி, சாலையைக் கடக்கும் ஒருவர் மீது மோதி அவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வயது 30. மாதச் சம்பளம் ரூ.20 ஆயிரம். ஒப்பந்தத் தொழிலாளி. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் என்று நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள்.

விபத்து வழக்கில் நஷ்டஈட்டை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2009-லும் 2017-லும் வழி சொல்லி இருக்கிறது. ஆண்டு வருமானம் ரூ.2 லட்சத்து 40 ஆயிரம். எதிர்காலத்தில் கூடியிருக்கும் என்பதற்காக 40 சதவீதம் சேர்த்தால் ரூ.3 லட்சத்து 36 ஆயிரம். அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் ரூ.2 லட்சத்து 52 ஆயிரம். 30 வயதுக்கு 17-ஆல் பெருக்க வேண்டும்.

வருவது ரூ.42 லட்சத்து 84 ஆயிரம்! ஈமச்சடங்கு போன்ற செலவுகள் தனி.

இன்சூரன்சு இருந்தால் இந்தப் பணத்தைக் கம்பெனி கொடுக்கும். இல்லாவிட்டால் வண்டியின் சொந்தக்காரர் தலையில் விடியும். இருப்பதை எல்லாம் விற்றாலும் தீராத கடன் அது.

முறையாகப் பதிவு செய்த, 3 கிலோ வாட்டுக்குள் சக்தி உள்ள பேட்டரி இரு சக்கர வாகனத்துக்கு, எதிராளிக்கான இன்சூரன்சு கட்டணம் 2022-ல் ஆண்டுக்கு ரூ.457 என்று நிர்ணயிக்கப்பட்டது. ஒரு பக்கம் 457 ரூபாய். மறு பக்கம் 42 லட்சம். வெட்டிய ஒயருக்கு உண்மையான விலை இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான்.

ஒயரை வெட்டிய வண்டிக்கு இன்சூரன்சு எடுக்கப் போனால் கிடைக்குமா? கிடைக்காது. பதிவு எண் வேண்டும். பதிவு எண் வாங்கப் போனால், இந்த வண்டி சாலைக்குத் தகுதியானது என்று தயாரித்த கம்பெனி கொடுத்த சான்று வேண்டும். 25-க்கு என்று தயாரித்த வண்டியை 45-க்குத் தகுதி என்று எந்தக் கம்பெனியும் எழுதித் தராது. திரும்பி வரும் வழியே அடைபட்டுவிடுகிறது.

பதிவு செய்த வண்டியை மாற்றினால் மட்டும் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் தீர்ப்பு சொல்லிவிட்டது. சட்டத்தை மீறி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் உண்டு.

பிடிக்க வேண்டியது யாரை?

கேரளாவில் 2023 மே மாதம் மோட்டார் வாகன அதிகாரிகள் சாலையில் நின்று வண்டிகளை மறிக்கவில்லை. நேராக ஷோரூமுக்குள் போனார்கள். விற்பனைக்கு வைத்திருந்த வண்டிகளை ஓட்டிப் பார்த்தார்கள். 250 வாட் என்று எழுதி இருந்த வண்டிகளில் அதைவிடப் பெரிய மோட்டார்கள் இருந்தன. 25-ஐத் தாண்டி ஓடின. ஷோரூம்கள் மீது வழக்குகள் பாய்ந்தன. வாங்கியவர்களில் பலருக்குத் தாங்கள் ஓட்டுவது சட்டவிரோத வண்டி என்பதே தெரியாது.

அதற்கு முந்திய ஆண்டு மராட்டிய போக்குவரத்துத்துறையும் இதே மாதிரி தேடுதல் வேட்டைக்கு உத்தரவு போட்டது. தயாரிப்பாளர்களே மோட்டார் சக்தியைக் கூட்டி விற்கிறார்கள் என்பதுதான் அங்கே எழுந்த புகார்.

விதியை மீறிய வண்டியை விற்கும் தயாரிப்பாளருக்கும் டீலருக்கும், ஒவ்வொரு வண்டிக்கும் ரூ.1 லட்சம் வரை அபராதம், ஓராண்டு வரை ஜெயில் என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. 10 வண்டி பிடிபட்டால் 10 லட்சம். கடைக்காரருக்கு வலிக்கிற தொகை இது. இரவு ஷிப்டு முடிந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளியை மறித்து 5 ஆயிரம் வாங்குவதால் அவர் சம்பளத்தில் கால் பங்கு போகும். விற்றவரோ, ஒயரை வெட்டியவரோ மறுநாளும் கடை திறப்பார். தமிழ்நாட்டு அதிகாரிகள் பின்பற்ற வேண்டியது கேரளாவின் வழியைத்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வண்டிகளைப் பரிசோதிக்கும் மத்திய அரசு நிலையம் ஒன்று ஒரகடம் சிப்காட்டிலேயே இருக்கிறது. உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் என்று அதற்குப் பெயர். பெரிய ஓட்டப் பாதைகள், மோதவைத்துப் பார்க்கும் கூடம் எல்லாம் அங்கே உண்டு. வண்டியை ஓட்டி, நிறுத்தி, அளந்து பார்த்துத்தான் சான்று கொடுப்பார்கள். எந்தச் சான்று பெற்ற வண்டியானாலும், ஒரு கட்டிங் பிளேயர் பட்டதும் அந்தச் சான்று வெறும் காகிதம்.

வேகம் குறைந்தது ஏன்?

"வாங்கினப்போ நல்லா ஓடுச்சு, இப்போ இழுக்கலே" என்பவர்கள் முதலில் மெக்கானிக்கிடம் வேகம் ஏற்றச் சொல்லக்கூடாது. காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டயரில் காற்று குறைந்தால் சின்ன மோட்டார் திணறிவிடும். பிரேக் கட்டை சக்கரத்தை உரசிக்கொண்டே இருக்கிறதா என்று, சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது பேட்டரி. ஈய பேட்டரி பழசானால், வண்டி இழுக்கும்போது அதன் வோல்ட்டேஜ் சரிந்து விழும். வேகம் குறைவது அதனால்தான். அந்த நிலையில் பெரிய கன்ட்ரோலர் போட்டால், நோஞ்சான் மாட்டுக்கு சாட்டையடி கொடுத்தது போல, மிச்சம் இருக்கும் உயிரும் சீக்கிரம் போகும். தூரமும் குறையும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றை எதிர்த்து ஓட மட்டும் எட்டு மடங்கு சக்தி செலவாகிறது. ஒரு சார்ஜில் 60 கிலோ மீட்டர் ஓடிய வண்டி பாதி தூரத்தில் நின்றாலும் ஆச்சரியம் இல்லை. இரண்டாவது ஷிப்டு முடிந்து நள்ளிரவில், மிச்சம் பிடித்த 13 நிமிடத்தையும் சேர்த்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே வர வேண்டியதுதான்.

உண்மையிலேயே தினமும் ஒரகடம் சாலையில் ஓட்டுபவருக்கு 45 வேகம் தேவை என்றால், அவர் வாங்க வேண்டியது அந்த வேகத்துக்கென்றே தயாரித்து, பச்சை நம்பர் பிளேட் மாட்டித் தரும் வண்டி. விலை கூடத்தான் இருக்கும். ஆனால் அதில் அச்சு, பிரேக், பேட்டரி எல்லாம் அந்த வேகத்துக்குச் செய்தவை. புதிதாக 25 கிலோ மீட்டர் வண்டி வாங்குபவர்கள், பரிசோதனை நிலையம் கொடுத்த சான்றின் நகலைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும். அதில் மோட்டார் சக்தி எத்தனை வாட், வேகம் எத்தனை என்று இருக்கும். "அதெல்லாம் எதுக்கு சார், ஓட்டிப் பாருங்க, 50 போகும்" என்று கடைக்காரர் சொன்னால், அந்தக் கடையில் வாங்க வேண்டாம்.

ஏற்கனவே ஒயரை வெட்டியவர்கள்? பழைய கன்ட்ரோலரை மறுபடி மாட்டி, பிரித்த இணைப்பைச் சேர்ப்பது அரை மணி நேர வேலை. பி.எம்.எஸ். குறுக்கே போட்ட ஒயரை அன்றே எடுத்துவிட வேண்டும். பின்சக்கர நட்டைக் கழற்றி, அச்சு உட்காரும் காடி விரிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். விரிந்திருந்தால் வெல்டிங் வைத்து ஒப்பேற்றக்கூடாது. அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். சூடாகி வலு இழந்த காந்தத்துக்கு மட்டும் வைத்தியம் கிடையாது. மோட்டாரோடு சேர்த்து பின்சக்கரத்தையே புதிதாக வாங்க வேண்டியதுதான்.